எடுத்து விட்ட பாட்டு

ஆடி மாதம் முதல் வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, எங்கள் சிந்தாமணிப்பேட்டைத் தெருக்குழாய்களில் தண்ணீர் வருவதற்கு முன்னால் புஸ்ஸென்று வருமே ஒரு காற்று, அந்தக் காற்றுக்குப் பதிலாகச் சண்முகக்கனியின் பாட்டு வந்தது. குடத்தோடு நின்ற பெண்கள் பாட்டு முடிகிற வரைக்கும் நின்றார்கள், முடிந்ததும் தண்ணீர் வந்தது, பிடித்துக்கொண்டு போனார்கள், வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தால் குக்கர் முதல் விசிலில் அதே பாட்டைத் தொடங்கியது, இரண்டாவது விசிலில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, மூன்றாவது விசிலில் முடித்தது, பருப்பும் பதமாக வெந்திருந்தது. ஏழு மணிக்கு டீக்கடை பாய்லர் பாடியது, எட்டு மணிக்கு சைக்கிள் கடையில் காற்றடிக்கிற பம்பு பாடியது, ஒன்பது மணிக்குக் கோவில்பட்டியிலிருந்து வந்த மினிபஸ் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் ஹாரன் அடிக்க, ஹாரனுக்குள்ளிருந்து சண்முகக்கனி ஏழு பெண்களைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டாள். கோழியும் பாடியதாகக் கோழி வளர்ப்பவர்கள் சொன்னார்கள். நான் காதால் கேட்கவில்லை, அதனால் அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை. போனில் மட்டும் பாட்டு வரவில்லை.

சண்முகக்கனி எங்கள் பக்கத்து வீடு, நடுச்சுவர் ஒன்றுதான். நாற்பத்தெட்டு வயது. பகலில் ஜாக்கெட் தைப்பாள், கோயில் கொடைத் திருவிழா என்றால் மேடையில் பாடுவாள், சிந்தாமணி மெல்லிசைக் குழுவில் இருபத்தைந்து வருடமாகப் பெண்குரல் என்றால் அவள்தான். அத்தனை வருடமும் பாடியது அடுத்தவர்கள் பாடிய சினிமாப் பாட்டு. அவளே கட்டி, அவளே பாடிய பாட்டு என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது இதுதான்.

அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் சித்திரையில் ஊருக்குக் கிழக்கே இருந்த தீப்பெட்டி ஆபீஸில் தீப்பிடித்தது. நாற்காலியும் மேஜையும் இல்லாவிட்டாலும் தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம், அங்கே வேலைக்குப் போகிறவளும் ஆபீஸுக்குப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, சாப்பாட்டு மணி அடிக்கக் கால்மணி நேரம் இருக்கும்போது பிடித்த தீயில் ஏழு பேர் போய்விட்டார்கள். ஏழாவது ஆள் பேச்சியம்மாள், சண்முகக்கனியின் தங்கை. வேப்பமரத்தடியில் ஏழு தூக்குவாளிகளும் மூடி திறக்காமல் வரிசையாக இருந்தன. வேலைக்கு வருகிறவர்கள் போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும், அவர் அதை வாசலில் ஒரு ஓலைக்கூடையில் போட்டு வைப்பார். அன்றைக்கு அந்தக் கூடைக்குள் ஆறு போன்களும் சாயங்காலம் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தன. பேச்சிக்குப் போன் கிடையாது. அதனால்தான் ஆறு.

மூன்று மாதம் கழித்துச் சண்முகக்கனி பாட்டுக் கட்டினாள். சாப்பிடாமல் போன ஏழு பேரையும் ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுகிற பாட்டு. 'சோத்துக்கு வாங்கடி' என்று தொடங்கும், அப்புறம் மரகதம் வாடி, கோமு வாடி, அன்னக்கொடி வாடி, ஜெயராணி வாடி, சுடலைவடிவு வாடி, லூர்துமேரி வாடி என்று ஒருத்தி ஒருத்திக்கும் அவள் கொண்டுவந்த குழம்பைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் 'பேச்சி, நீயும் வாடி' என்று முடியும். அழுகைப் பாட்டாகக் கட்டியிருந்தால் அழுகைப் பாட்டாகவே போயிருக்கும். அவளுக்கு வந்தது கொடை மேளத்துத் தாளம், கால் தானாக ஆடுகிற தாளம். கீபோர்டு வாசிக்கிற தங்கத்துரை அண்ணாச்சி அதைக் கோவில்பட்டியில் பதிவு செய்து, 'காதோலை' என்று போனில் பாட்டும் பேச்சும் கேட்கிற ஒரு செயலி இருக்கிறதே, அதில் போட்டுவிட்டார். மதுரைக்காரனுக்கும் திருச்சிக்காரனுக்கும் மரகதம் யார், கோமு யார் என்று என்ன தெரியும்? கல்யாண மண்டபங்களில் இலை போட்டுப் பந்தி தொடங்கும்போது அந்தப் பாட்டைப் போட ஆரம்பித்தார்கள். காதோலையும் அதை 'விருந்துப் பாடல்கள்' என்ற வரிசையில் வைத்தது. சண்முகக்கனி அதற்குக் கூட வருத்தப்படவில்லை, யாரோ சாப்பிடட்டும் என்றாள்.

அதே காதோலையில் சென்னையிலிருந்து திருமலைக்கொழுந்து என்று ஒருவர் 'பட்டவர்த்தனம்' என்ற பெயரில் தினமும் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரைக்கும் பேசுவார். நல்ல குரல், வெண்ணெயாக இழையும், லட்சம் பேர் கேட்கிறார்கள் என்று சொல்வார்கள். தீப்பிடித்து இரண்டு வருடம் ஆன பிறகு அவர் ஒருநாள் எங்கள் ஊர்த் தீயைப் பற்றிப் பேசினார். ஏழு பெண்களும் போன் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்களாம், அதில் ஒருத்தி வீடியோ எடுப்பதற்காகக் குச்சியைக் கிழித்தாளாம், இதையெல்லாம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லையாம், அவருக்கு மட்டும் இருக்கிறதாம். மறுநாளும் பேசினார், ஒரு வாரம் பேசினார். ஒரு மணிக்குப் பேச்சு முடிந்ததும் காதோலை தானாக அடுத்ததை எடுத்து ஓட்டும். மதியம் ஒரு மணி, சாப்பாட்டு நேரம், ஆகவே சாப்பாட்டுப் பாட்டு என்று அந்த மிஷின் முடிவெடுத்திருந்தது. அவர் ஏழு பேரையும் குற்றவாளியாக்கி முடித்த கையோடு சண்முகக்கனி அதே ஏழு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண், கெட்ட எண்ணமெல்லாம் இல்லாமல்தான், கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"ஒங்க தங்கச்சி போன் பாத்துக்கிட்டு இருந்தாளாமே கனியக்கா?"

சண்முகக்கனி டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு அன்றைக்கு வேறு யாருக்கும் அளவு எடுக்கவில்லை. செத்துப்போனவளைப் பிடித்து இழுத்துக் கொண்டுவர முடியாது, அவள் எப்படிப்பட்டவளாக இருந்தாளோ அப்படியே ஊர் வாயில் இருக்கட்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லி அழுதாள்.

தென்மாவட்ட மெல்லிசைக் கலைஞர்கள் சங்கம் கோவில்பட்டியில் கூடியது. தங்கத்துரை அண்ணாச்சிதான் செயலாளர். அந்தப் பேச்சை நீக்கச் சொல்லிக் காதோலைக்கு எழுதினார்கள். 'காதோலை எல்லாக் குரல்களையும் மதிக்கிறது, கேட்க விரும்பாதவர்கள் கேட்காமல் இருக்கலாம்' என்று பதில் வந்தது. அப்படியானால் அவர் குரல் இருக்கிற இடத்தில் எங்கள் குரல் இருக்காது என்று நூற்று நாற்பத்து மூன்று பேர் கைதூக்கினார்கள், எல்லாரும் அவரவர் பாட்டை எடுத்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் அண்ணாச்சியே படிவம் நிரப்பிக் கொடுத்தார். சண்முகக்கனி மட்டும், என் பாட்டை நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து காதோலையின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். அங்கே தமிழ் பேசுகிற ஒரு மிஷின் இருந்தது, பெண்குரல், ரொம்ப மரியாதை. என்ன உதவி வேண்டும் என்று அது கேட்க, இவள் சொன்னாள்.

"என் பாட்டை எடுத்து விடுங்க."

இங்கேதான் வந்தது வினை. சோற்றில் கிடக்கிற கல்லை எடுத்து விடு என்றால் அப்புறப்படுத்து என்று அர்த்தம். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவன் 'யக்கா, ஒரு பாட்டை எடுத்து விடு' என்று கத்தினால் பாடு என்று அர்த்தம், அதுவும் ஊர் அதிரப் பாடு என்று அர்த்தம். நம்மிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அந்த மிஷின் இரண்டு அர்த்தத்தையும் யோசித்துப் பார்த்து, எது என்று திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டையும் செய்துவிட்டது. போனிலிருந்து பாட்டை எடுத்தது, ஊருக்குள் எடுத்து விட்டது.

முதல் மாதம் எங்களுக்கெல்லாம் பெருமையாகத்தான் இருந்தது. கழுகுமலையிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்து எங்கள் குழாயடியில் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள், சிலர் குக்கரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள், எங்கள் ஊர் எல்லையைத் தாண்டி வந்ததும் அந்தக் குக்கரும் பாடியது, திரும்பிப் போனதும் வெறும் விசில்தான். பள்ளிக்கூட மணி காலை ஒன்பதரைக்கே பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டதால் முதல் பீரியடிலேயே அத்தனை பேரும் தட்டோடு ஓடினார்கள். தலைமை ஆசிரியை மணியை விட்டுவிட்டு விசிலுக்கு மாறினார், விசிலும் பாடியது, கடைசியில் வராந்தாவில் நின்று கையைத் தட்ட ஆரம்பித்தார். வேலாயுதம் தாத்தா சாவில் சங்கு ஊத, சங்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டது. அவர் மகன் சிரித்துவிட்டான், அதற்காகப் பத்து நாள் யாரோடும் பேசாமல் இருந்தான். மெல்ல மெல்லப் பெண்கள் அந்தப் பேர்களை வைத்தே சமைக்கப் பழகிவிட்டார்கள். அரிசிக்கு மரகதம் போதும், பருப்புக்குச் சுடலைவடிவு, கொண்டைக்கடலை ஊறாமல் இருந்தால் பேச்சி வரைக்கும் விட வேண்டும் என்று என் மனைவியே புது மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் அந்தப் பேர்களைச் சொல்லியே கயிறு தாண்டினார்கள். தினமும் நூறு தடவை கேட்டால் எந்த மனசும் இளகும். அந்த ஒரு மாதம் எங்கள் ஊரில் ஒருத்தர் கூட அந்தப் போன் கதையை வாயில் எடுக்கவில்லை. சண்முகக்கனி தைத்துக்கொண்டிருப்பாள், தையல் மிஷின் பாடும், அவள் காலை எடுத்துவிட்டுக் கேட்பாள், மிஷின் நின்றுவிடும், மறுபடியும் மிதிப்பாள். அவள் முகத்தில் நான் இரண்டு வருடமாகப் பார்க்காத ஒரு தெளிச்சியைப் பார்த்தேன்.

சங்கத்துக்காரர்களுக்குத்தான் எரிச்சல். சங்கமே பாட்டை எடுத்திருக்கும்போது இவள் மட்டும் எடுத்து விட்டிருக்கிறாளே என்று பேசிக்கொண்டார்கள். தங்கத்துரை அண்ணாச்சி விசாரிக்க வந்தார், கக்கூஸ் குழாயைத் திறந்து பார்த்தார், காதோலையையும் திறந்து பார்த்தார்.

"காதோலைல பாட்டு இல்ல, சரிதான். ஆனா கக்கூஸ்ல இருக்கே கனி. தீர்மானத்துல கக்கூஸப் பத்தி நாம ஒண்ணும் எழுதலையே."

"எழுதலைல்லா அண்ணாச்சி. அப்பம் என்னை விடுங்க."

மூன்றாவது மாதத்தில் நாங்கள் களைத்துப்போனோம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். பேர்கள் காதில் விழுவது நின்றுபோய்ச் சத்தம் மட்டும் விழுந்தது. முகம் கழுவினால் பாட்டு, வண்டியை எடுத்தால் பாட்டு, காய்ச்சலில் கிடக்கிறவனுக்கு ஆவி பிடித்தால் பாட்டு, கொட்டாவி விட்டால் கூடப் பக்கத்தில் இருப்பவனுக்கு லேசாகக் கேட்கிறது என்று ஒரு பேச்சு வந்து, ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டது. கேட்க விரும்பாதவர்கள் கேட்காமல் இருக்கலாம் என்று காதோலை சொன்னது போலச் செய்யவும் வழி இல்லை, தண்ணீர் பிடிக்காமல் யார் இருப்பது? இருநூறு பேர் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்தார்கள். ஒலிபெருக்கி எதுவும் இல்லாததால் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று தெரியாமல் அங்கே வைத்துக்கொண்டார்கள். அந்த இருநூறில் நூற்றுப் பன்னிரண்டாவது கையெழுத்து என்னுடையது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும்தான், ஆனாலும் போட்டேன்.

இந்த மனு விஷயம் எப்படியோ சென்னைக்கு எட்டி, திருமலைக்கொழுந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு ஏழைப் பாடகியின் குரல்வளையைச் சிந்தாமணிப்பேட்டை நெரிக்கிறது, பேச்சுரிமைக்கு ஆபத்து, பேச்சுரிமைக்கு ஆபத்து என்று மூன்று நாள் முழங்கினார். எங்கள் டீக்கடையில் அதைப் பேச்சி உரிமை என்றே கேட்டுவிட்டு, பேச்சிக்கு என்ன உரிமை, அவள்தான் செத்துப்போனாளே என்று ஒருத்தர் விசாரித்தார். நாலாவது நாள் திருமலைக்கொழுந்தே சண்முகக்கனிக்குப் போன் செய்தார். போனை அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், தையல் மிஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை.

"வணக்கம்மா. உங்களை யாரும் வாயடைக்க நான் விடமாட்டேன். இதுல நீங்களும் நானும் ஒரே பக்கம்."

"என் தங்கச்சிட்ட போன் கிடையாதுங்க."

"அது வேற விஷயம்மா. அதையும் பேசலாம், ரெண்டு பக்கத்தையும் பேசலாம். நிகழ்ச்சிக்கு வாங்க."

"அதுல ரெண்டு பக்கம் என்ன இருக்கு? போன் கிடையாது."

"உங்க கருத்தை நான் மதிக்கிறேன்மா."

"கருத்து இல்லைங்க. போன் கிடையாது. அத மட்டும் ஒரு நாள் சொல்லிருங்க, நான் எங்க கூப்பிட்டாலும் வாரேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். இன்றைக்கு வரைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறார் போல.

ஊர் மனுவைச் சண்முகக்கனி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊர் எதற்கும்தான் மனுக் கொடுக்கும். ஆனால் ஐப்பசியில் மரகதத்தின் புருஷன் செண்பகராஜ் வந்து நின்றான். அவன் மறுபடியும் கல்யாணம் செய்து இருபது நாள் ஆகியிருந்தது.

"அக்கா, புதுசா வந்தவ அடுப்படிக்குப் போகவே பயப்படுதா. குக்கர் அவளப் பாத்து மரகதத்தக் கூப்பிடுது."

"பேர எடுத்துட்டா அந்தாளு சொன்னதுதானப்பா நிக்கும்? போன் பாத்துத்தான் செத்தான்னு நாளைக்கு ஊரு சொல்லும், பரவாயில்லையா?"

"சொல்லட்டும்க்கா. எனக்கு அசந்து வருது. அவ என்ன கொழம்பு வச்சான்னு தெனமும் கேட்டுட்டு இன்னொருத்தி வச்ச கொழம்ப எப்படிச் சாப்பிட?"

அவள் அவனோடு அரைமணி நேரம் சண்டை போட்டாள், பிறகு உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை வார்த்தையை ஜாக்கிரதையாகப் பொறுக்கி, மரகதம் என்ற பேரை நீக்குங்கள் என்றாள். யார் கேட்கிறார்கள் என்று மிஷின் கேட்டது, வீட்டார் என்றாள், பதிவு செய்யப்பட்டது என்றது. மறுநாள் காலை குழாயில் மரகதத்தின் இடம் வந்தபோது தாளம் அப்படியே இருக்க வெறும் காற்று மட்டும் வந்தது, அப்புறம் கோமு வாடி என்று தொடர்ந்தது. அரிசிக்கு எப்போது அடுப்பை நிறுத்துவது என்று தெரியாமல் அன்றைக்கு ஊரில் பாதிச் சோறு குழைந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக வந்தது. லூர்துமேரியின் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தாள்.

"மேரி பேரப் பூசைல சொன்னாப் போதும் தாயி. சாக்கடை அடைப்பு எடுக்க மோட்டார் போட்டா அதுலயும் எம் புள்ள பேரு வருது. வேண்டாம்."

அன்னக்கொடியின் மகன் ராணுவத்தில் சேரப் போகிறான், போகும்போது பஸ் ஹாரனில் அம்மா பேர் கேட்டால் இறங்கிவிடுவேன் என்றான். கோமுவின் அண்ணன் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், இவளாகத்தான் போனை எடுத்தாள். இப்படித் தை பிறப்பதற்குள் ஆறு பேர்களும் போயின. ஒவ்வொருத்தரிடமும் அவள் அதே கேள்வியைக் கேட்டாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சத்தம் குறைவாகக் கேட்டாள்.

சங்கமும் அதற்குள் உதிர்ந்துபோயிருந்தது. முதலில் தவில்காரர் ஒருவர் தன் பாட்டுகளைக் காதோலையில் திரும்பப் போட்டார், அப்புறம் நாலு பேர், அப்புறம் நாற்பது பேர். யாரையும் குறை சொல்ல முடியாது; கொடைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பாட்டைக் கேட்டுப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள், கேட்க இருப்பது அந்த இடம்தான். திருமலைக்கொழுந்து அவர் பாட்டுக்குத் தினமும் மதியம் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் தங்கத்துரை அண்ணாச்சியே காதோலைக்குத் திரும்பிப் போய்விட்டு, அதைச் சொல்வதற்கு வந்து, சொல்லாமல் ஒரு மணி நேரம் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். நூற்று நாற்பத்து மூன்று பேரில் திரும்பாதவள் சண்முகக்கனி ஒருத்திதான்.

பாட்டில் இப்போது ஒரே ஒரு பேர்தான் இருந்தது. சோத்துக்கு வாங்கடி என்று தொடங்கும், ஆறு இடத்தில் காற்றாக வரும், பிறகு 'பேச்சி, நீயும் வாடி'. அந்த ஆறு காற்றுக்குப் பின்னால் வருவதாலோ என்னவோ, முன்னைவிட அது தெளிவாகக் கேட்டது. எங்கள் வீட்டுக் குழாயில் கேட்டால் பேச்சி அடுத்த அறையில் இருப்பது போலவும், கூப்பிட்டது காதில் விழுந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருவது போலவும் இருக்கும். மற்றவர்கள் பேரெல்லாம் போய்விட்டது, இவள் தங்கை பேரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அவளுக்கும் தெரியும். வீட்டார் கேட்டால் எடுக்கிறேன் என்று சொன்னவள் அவள், பேச்சிக்கு வீட்டார் அவளேதான், அவள் கேட்கப் போவதில்லை.

பேச்சிக்கு ஒரு மகள் உண்டு, தாரணி. அப்பன் எப்போதோ திருப்பூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன், அதனால் பெரியம்மாவோடுதான் இருக்கிறாள். கோவில்பட்டியில் கல்லூரி இரண்டாம் வருடம். அமைதியான பிள்ளை, இந்த ஏழு மாதமும் பாட்டைப் பற்றி நல்லது கெட்டது ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இருவரும் சாப்பிட உட்காரும்போது அவள் சொன்னதை நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவியும் கேட்டோம். ஒட்டுக் கேட்கவில்லை. அந்தச் சுவர் அப்படி.

"பெரியம்மா, அம்மா பேரையும் எடுத்திருங்க."

கரண்டி தட்டில் படுகிற சத்தம் நின்றது.

"காலேஜ்ல யாரும் எதுவும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நாந்தான் சொல்லுதேன்."

"அவன் இன்னும் பேசிக்கிட்டுத்தான இருக்கான் தாரணி. நாம எடுத்துட்டா அவன் பேச்சு மட்டுந்தான இருக்கும்? ஒங்கம்மா எப்படி இருந்தான்னு யாரு சொல்லுவா?"

"அவன் சொல்றத நான் ஒரு நாளும் நம்பல பெரியம்மா. ஒங்க பாட்டத்தான் நம்புதேன்." அவள் குரல் உயரவே இல்லை. "வாடின்னு கூப்பிடுதீங்க. கூப்பிட்டா வந்துருவாங்கன்னு ஒவ்வொரு தடவையும் வாசலப் பாக்கேன். வரமாட்டாங்கன்னு தெரியும், தெரிஞ்சும் பாக்கேன். பஸ்ல ஹாரன் அடிச்சா திரும்பிப் பாக்கேன், மூஞ்சி கழுவுனா கண்ணுல சோப்போட பாக்கேன். ஏழு மாசமாப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்கி பெரியம்மா. அவன் ஒரு மணி நேரந்தான் பேசுதான். நீங்க நாள் பூராக் கூப்பிடுதீங்க."

என் மனைவி சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் எங்கள் குக்கருக்கு விசில் வருகிற நேரம், ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். இவ்வளவு நாளில் அதுதான் நாங்கள் அவளுக்குச் செய்த ஒரே உபகாரம்.

கொஞ்ச நேரம் கழித்து எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. மிஷின் வணக்கம் சொன்னது, உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம் என்றது. எந்தப் பேர் என்று கேட்டது, சொன்னாள். யார் கேட்கிறார்கள் என்றது, வீட்டார் என்றாள். மற்ற ஆறு தடவையும் அத்தோடு விட்ட மிஷின் இந்தத் தடவை விடவில்லை. பாட்டின் சொந்தக்காரரும் வீட்டாரும் ஒரே நபராக இருப்பதால் நீக்குவதற்கான காரணம் தேவைப்படுகிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வரிசையாகப் படித்தது. பொய்த் தகவல் என்றால் ஒன்று. அவதூறு என்றால் இரண்டு. வெறுப்புப் பேச்சு என்றால் மூன்று. அவள் எல்லாவற்றையும் கடைசி வரைக்கும் கேட்டாள். மற்றவை என்றால் ஒன்பதை அழுத்தி, காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லவும் என்றது. ஒன்பதை அழுத்தினாள்.

"அவ வர மாட்டா."

"மன்னிக்கவும். புரியவில்லை. மீண்டும் சொல்லவும்."

"அவ வரமாட்டாங்க. வரமாட்டா."

"மன்னிக்கவும். தெளிவாகச் சொல்லவும்."

தீப்பிடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் சொல்லாத அதை, மைக்குக்கு முன்னால் நிற்கிறவளைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிஷினுக்கு விளங்குகிற சுத்தமான தமிழில் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"என் தங்கை பேச்சியம்மாள் இறந்துவிட்டாள். இனிமேல் கூப்பிட்டாலும் வர மாட்டாள்."

"நன்றி," என்றது மிஷின். "பதிவு செய்யப்பட்டது."